இருக்கை நூல்: மூன்று நூற்பாவும் உரையும்

நூற்பா 1: துண்டு கிடந்த இடம் துண்டுக்காரன் இடம்.

இந்நூற்பா என்ன சொல்கிறதோ எனின், பேருந்தில் உரிமை பிறக்குமாறு சொல்கிறது. கம்பம் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் முன்னே ஜன்னல் வழியாக உள்ளே போவது துண்டு. துண்டு என்றது உபலட்சணம். கைக்குட்டை, மஞ்சப்பை, செய்தித்தாள் ஆகியனவும் கொள்க. முகூர்த்த நாளில் கைக்குழந்தையும் அடங்கும். படியில் முட்டி மோதி ஏறியவனும் ஜன்னலில் ஏறிய துண்டைக் கண்டால் உட்காராமல் நிற்பான். ஓரிடத்தில் இரண்டு துண்டு விழுந்தால் அடியில் கிடப்பதே மூத்தது. அதிலும் வழக்கு வந்தால் நடுவர் நடத்துநர், அவர் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "ஒட்டி உக்காருங்கப்பா."

விமானத்தில் துண்டு போடுவார் இல்லையே எனின், உண்டு. விமான நிறுவனமே ஓரிடத்துக்கு இரண்டு துண்டு போடும். டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் வராமல் போவது வழக்கம். காலி இருக்கை வீணாகப் பறக்க வேண்டாமென்று, இருக்கிற இடத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டியே விற்று வைப்பார்கள். என்றைக்காவது எல்லாரும் வந்து நின்றால் வருகிறது வினை. இதற்கு நம் ஊரில் பெயர் ஏமாற்று; அங்கே பெயர் வணிகம்.

நூற்பா 2: எழுப்பினால் வம்பு, கேட்டு எழுந்தால் பண்பு.

யாரை இறக்குவது என்பதை ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் தம் இஷ்டப்படியே முடிவு செய்தன. 1968இல் ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு வழி சொன்னார். எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பேன் என்று ஒவ்வொரு பயணியும் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பது. யார் குறைவாகக் கேட்டாரோ அவர் இறங்குவது. நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரும்பி இறங்குவோரை முதலில் கேட்டாக வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வர 1978 ஆயிற்று.

நம் மாட்டுச் சந்தைத் தரகர் இதைக் கேட்டால் சிரிப்பார். கை மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாமல் விலை பேசுகிறவர் அவர். சைமனின் உறை என்பது நம் துண்டே என்க. ஆக, இடம் பிடிப்பதும் துண்டு, இடத்துக்கு விலை பேசுவதும் துண்டு என்பது பெறப்பட்டது. போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலக்காய்க்கும் பெயர் ஏலம், அதை விற்பதற்கும் பெயர் ஏலம். நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியும் அந்த அமெரிக்க விதியைப் போன்றதே. முதலில் மனமுவந்து இறங்குவோரைக் கேட்க வேண்டும். மனமில்லாதவரை இறக்கினால் இழப்பீடு. மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இருமடங்கு, 10,000 ரூபாய்க்கு மிகாமல். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மிகாமல். புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கிளம்பிவிட்டால் ஒன்றும் கிடையாது. இக்கடைசி விதியை முடிந்துவைத்துக்கொள்க. பின்னால் அவிழ்க்க வேண்டிவரும்.

கேளாமல் இறக்கியதற்குக் காட்டு யாதோ எனின், 1893 ஜூன் 7, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் மோகன்தாஸ் காந்தி இறக்கிவிடப்பட்டார். அன்று இழப்பீடு தரவில்லை. பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யமே அதைக் கட்டித் தீர்த்தது. அவருக்குக் கோயில் எழுப்பிய ஊர் கம்பத்துக்குப் பக்கத்துக் காமயகவுண்டன்பட்டி, சுருக்கமாகக் கே.கே.பட்டி. எனவே இவ்வாய்வுக்கு வேறு களம் தேடவில்லை.

நூற்பா 3: நின்றவன் பை இருந்தவர் மடியில்.

இது பேருந்து இழப்பீடு கூறுகிறது. இடம் கொடுத்தவனுக்குக் காசு நீட்டினால் அது வசவுக்குச் சமம். அதற்குப் பதில் அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். மேலும், இங்கே இடம் விற்கப்படுவதில்லை, கடனாகப் போகிறது. உட்கார்ந்தவர் இறங்கும்போது, இடையில் நுழைபவரை "அது அந்தத் தம்பி எடம்" என்று மறித்து, கொடுத்தவனை உட்காரவைத்துவிட்டே இறங்குவார். எந்த விமான நிறுவனமும் இடத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

இதற்குக் காட்டு நானே. ஒரு முகூர்த்த நாளில் கம்பத்தில் முறைப்படி துண்டு போட்டு உட்கார்ந்தேன். ஒரு பாட்டி வந்து பக்கத்தில் நின்றார். இடம் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு "யப்பா, முருகா" என்றார். விரும்பி இறங்குவோரை அழைக்கும் அறிவிப்பு அதுதான். எழுந்தேன். என் பை அவர் மடிக்குப் போனது. யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆச்சா என்ற விசாரணையும் முடிந்தது.

"எங்கிட்டுய்யா எறங்கணும்?"

"கே.கே.பட்டி, பாட்டி."

"நானுந்தேன்."

கடன் அந்த இடத்தில் மூழ்கியது. இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினால் இடம் திரும்ப வழியில்லை. இறங்கியதும் என் பையோடு தம் பையையும் என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு இரும்புத் தோசைக்கல்லும், தூக்கிப் பார்த்த அளவில் வருஷத்துக்கான புளியும். மூன்று தெரு தள்ளி வீடு. கணக்குப் பார்த்தேன்: போனது ஓர் இருக்கை, வந்தது ஒரு சுமை. இந்த வகைக்கு எந்த விதியிலும் இடமில்லை.

வாசலில் பையை இறக்கியதும் பாட்டி முந்தானையால் திண்ணையைத் தட்டிவிட்டார். "நின்னுகிட்டே வந்த புள்ள, உக்காருய்யா." செம்பில் தண்ணீர் வந்தது, பின்னாலேயே ஒரு கொத்து பன்னீர் திராட்சையும். கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி கிளம்பி ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் மாற்று இருக்கை கிடைத்துவிட்டது. விதிப்படி எனக்குச் சேர வேண்டியது ஒன்றுமில்லை. இன்னொரு செம்பு தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.