இருபது ரூபாய்ச் சில்லறையும் மகாசபையார் குடமும்

மகாராஜராஜஸ்ரீ கிரிக்கெட் மகாசபையார் அவர்கள் திவ்விய சமூகத்துக்கு, உத்திரமேரூர் வட்டத்து ரசிகர்கள் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சேப்பாக்கம் மைதானத்தை ஒரு பேராபத்திலிருந்து காப்பாற்றிய வாசல் காவலர்களுக்கு முதற்கண் நன்றி. உத்திரமேரூரை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஆயா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், தம் முந்தானை முடிச்சில் இருபது ரூபாய்ச் சில்லறையை ஒளித்து வைத்திருந்தார். ஐந்து ரூபாய்க் காசு நான்கு. கூடவே மஞ்சள் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, வாழையிலையில் கட்டிய புளிசோறு. காவலர்கள் மட்டும் அசந்திருந்தால் ஆயா அந்தக் காசை எல்லைக்கோட்டுக்கு எறிந்து உலகத்தரம் வாய்ந்த ஆட்டக்காரர் எவரையேனும் வீழ்த்தியிருப்பார். தோள்பட்டை வலிக்கு இரண்டு வருஷமாகத் தைலம் தேய்ப்பவர் என்றாலும் யாரை நம்புவது?

முடிச்சை அவிழ்க்கச் சொன்னது கூலிக்கு நிறுத்தப்பட்ட சின்னப் பெண். "கண்ணு, அது டீக்கு வச்சிருக்கற காசும்மா" என்றார் ஆயா. "ரூல்ஸ் பாட்டி, நான் இன்னா பண்ணட்டும்?" என்றது அந்தப் பெண். அதன் மேல் குற்றமில்லை. பக்கத்திலிருந்த நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் காசு, சுண்ணாம்பு, புளிசோறு எல்லாம் வரிசையாக விழுந்தன. பின்னால் நின்ற இளைஞர் கூட்டம் சிரித்தது. கூட வந்த மகன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நீல டிரம் உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்டிவிட்டது. குடம் என்றால் அவர்களுக்குத் தனிப் பாசம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறை, 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் வாயாலேயே புகழப்பட்டது. ஊர் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் எடுக்க, முப்பது குடும்புகளிலும் (வார்டுகளிலும்) தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபையில் இருக்கும் பூசாரிகளான நம்பிகளில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி உரக்க வாசிப்பார். ஆக, அந்தக் குடத்தில் போட்டதை எடுத்துக் காட்டினார்கள். மகாசபையாரின் குடத்திலோ போட்டதோடு சரி. ஆயிரத்து நூறு ஆண்டு முன்னேற்றம்.

டிக்கெட் கிடைத்த வரலாறும் இன்னொரு குடத்தின் கதைதான். முன்பெல்லாம் வாலாஜா சாலையில் இரவெல்லாம் பாய் விரித்துக் கிடந்து கவுன்டரில் வாங்கினார்கள். கொசு கடித்தது, தடியடியும் உண்டு. ஆனால் முன்னால் நிற்பவனின் முதுகு கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பேரன் காலை பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறந்தான். வரிசையில் அவனுக்கு முன்னால் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். மைதானத்தில் இருப்பதே சுமார் 38,000 இருக்கை. திரையில் ஒரு மனித உருவம் நடந்துகொண்டே இருந்தது; அந்தப் பொம்மை நடந்த தூரத்தில் உத்திரமேரூரிலிருந்து சேப்பாக்கத்துக்கே வந்து சேர்ந்திருக்கலாம். எந்தச் சிறுவன் உள்ளே கையை விட்டான், எந்த மத்தியஸ்தர் வாசித்தார், யார் யார் பெயர் வந்தது? மகாசபையாரின் குடம் கண்ணுக்கே தெரியாத குடம். ஒரு எண்ணுக்கு இரண்டு டிக்கெட் என்பதால் ஆயாவும் பேரனும் தேறினார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் பெல்ஸ் ரோட்டில் ஒரு தம்பி உதவி செய்தார். என்ன விலைக்கு என்பதைக் கேட்டு மகாசபையார் மனம் நோக வேண்டாம். கள்ளச் சந்தையில் டிக்கெட் விற்றவர்கள் கைது என்று ஒவ்வொரு சீசனிலும் செய்தி வருகிறது. அவர்கள் கைக்கு மட்டும் ஓலை எப்படிச் சிக்குகிறது என்ற செய்தி வருவதில்லை.

விலையைப் பற்றிப் புலம்புவது அநாகரிகம். இருந்தாலும் ஊரில் கணக்குப் போடும் பழக்கம் இருக்கிறது. 2025 ஐ.பி.எல். சீசனில் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஐந்து நாள் ஏரியில் மண் வெட்டினால் 1,680. இருபது ரூபாய் குறைகிறது. அந்த இருபதைத்தான் ஆயா முந்தானையில் முடிந்து வந்திருந்தார்; அதையும் குடம் வாங்கிக்கொண்டது. 2025 செப்டம்பரில் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கான ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 40ஆக உயர்த்தி, சூதாட்ட விடுதியும் குதிரைப் பந்தயமும் இருக்கும் பந்தியில் ஆயாவையும் உட்கார வைத்துவிட்டது அரசு. அது மகாசபையார் செய்ததல்ல. அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.

கல்வெட்டை நன்றாகப் படித்தால் மகாசபையாருக்கே பெருமை சேர்க்கும் விஷயங்கள் இருக்கின்றன. 921ஆம் ஆண்டு விதிப்படி வாரியத்துக்கு வருபவர் 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு ஓராண்டு உட்கார்ந்து யோசித்துக் கிரிக்கெட் நிர்வாகிகளுக்குச் சொன்னது என்ன? வயது வரம்பு 70. ஒரு முறை பதவியில் இருந்தால் அடுத்த மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். செங்கல்பட்டு வழியாக வந்து ஒரு கோயில் சுவரைப் பார்த்திருந்தால் அரை நாளில் அறிக்கை எழுதியிருக்கலாம். நீதிமன்றமும் 2016இல் இதை ஏற்றது. பிறகு முறையீட்டுக்கு மேல் முறையீடாகி, 2022இல் மாநிலச் சங்கத்தில் ஆறு, தேசிய அளவில் ஆறு என்று பன்னிரண்டு ஆண்டு ஒருவர் தொடர்ந்து இருக்கலாம் என்றானது. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 70 முதல் 75 வயதுள்ளவர்களுக்கும் கதவை ஓரளவு திறந்து வைத்திருக்கிறது. ஆக எழுபதைத் தாண்டியவர் கிரிக்கெட்டை ஆளத் தடையில்லை. சுண்ணாம்பு டப்பாவோடு பார்க்கத்தான் தடை.

இன்னொரு விதியும் சுவரில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் திரும்ப வரக் கூடாது. அவர் மட்டுமல்ல, உறவினர்களும் வரக் கூடாது. யார் யார் உறவினர் என்று நீளமாகப் பட்டியல் வேறு. அதில் மகளைக் கட்டியவர், அதாவது மருமகனும், உண்டு. 2013 ஐ.பி.எல். சூதாட்டப் புகாரையும், சென்னையின் மஞ்சள் சட்டை இல்லாமல் கழிந்த 2016, 2017ஆம் ஆண்டுகளையும் மறக்காதவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சோழர் காலத்து ஊர்ச்சபை மருமகன் வரைக்கும் யோசித்திருக்கிறது.

குடத்தை விட்டு இனிக் கொஞ்சம் மைதானத்துக்குள் போகலாம்.

ஆயா உள்ளே போய் முதலில் கேட்டது, "இவ்ளோ சின்னதா?" டிவியில் பெரிதாகத் தெரிந்ததாம். மூன்றாவது ஓவரிலேயே "பந்து நின்னு வருது, ஸ்பின் கொடுக்கணும்" என்றார். இரண்டு வரிசை முன்னால் விலை உயர்ந்த சட்டையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எட்டாவது ஓவரில் ஸ்பின்தான் வந்தது, விக்கெட்டும் விழுந்தது. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டே நாற்று நட்ட தலைமுறை அது. 1952இல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்ற மைதானம், 1986இல் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் சமனில் முடிந்த மைதானம் என்று மகாசபையார் பெருமைப்பட்டுக்கொள்வது நியாயம். 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றபோது எழுந்து நின்று கைதட்டியதும் இதே சேப்பாக்கம்தான். விவரம் தெரிந்த ரசிகர்கள் என்று உலகம் இன்னும் சொல்கிறது. அந்த விவரம் தெரிந்தவர்களில் பலர் இப்போது பட்டன் போன் வைத்திருக்கிறார்கள். செயலியில் டிக்கெட் வாங்கத் தெரியாது.

பன்னிரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய ஐ, ஜே, கே அரங்குகளைக் கட்டிவிட்டு, அனுமதி வழக்கில் 2012லிருந்து ஆண்டுக்கணக்கில் காலியாகப் பூட்டி வைத்திருந்ததையும் இதே ரசிகர்கள் டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பொறுத்தார்கள். அது போகட்டும், வாசல் சோதனைக்கு வருவோம்.

கையைத் தூக்கச் சொல்லுங்கள், தூக்குவார்கள். பையைத் திறக்கச் சொல்லுங்கள், திறப்பார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வயதான ஒருத்தியின் முந்தானையை ஒரு தடுப்பு கூட இல்லாமல் நடுத்தெருவில் அவிழ்க்க வைத்து, அவர் கையால் சமைத்த சோற்றை அவர் கையாலேயே குப்பையில் போட வைப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு? உள்ளே விற்கிற பாப்கார்ன் விலை போகவில்லை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். காசுக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிட்டு வெளியே போகும்போது திருப்பித் தர ஒரு மேசை, ஒரு ஆள் போதாதா? கோடிக்கணக்கில் ஏலம் எடுக்கத் தெரிந்த உங்களுக்கு இது தெரியாதா?

சமூகம் மன்னிக்க வேண்டும். ஏப்ரல் வெயில் அப்படி.

வெளிநாட்டை உதாரணம் காட்டினால் மகாசபையாருக்குப் பிடிக்கும் என்பதால் ஒன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. மட்டையும் பந்தும் உண்டு, விக்கெட் இல்லை. அங்கே குடும்பத்தில் ஒருவரை முதல் ஆட்டத்துக்கு அழைத்துப் போவது காதுகுத்துக்குச் சமமான விசேஷம். முதல் முறை வருபவருக்குப் பெயர் எழுதிச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் பல அணிகளிடம் இருக்கிறது. பெரிய மைதானங்கள் பலவற்றில் வீட்டுச் சாப்பாட்டைப் பையில் எடுத்துப் போகலாம். பந்து கூட்டத்தில் விழுந்தால் பிடித்தவருக்கே சொந்தம். அதுவும் தானாக வந்த உரிமை அல்ல. நியூயார்க்கில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் பிடித்த பந்தைத் தர மறுத்ததால் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டு நூறு டாலர் இழப்பீடும் வாங்கினார். அவர் பந்தைப் பிடித்தது 1921இல், அதாவது உத்திரமேரூரின் இரண்டாம் கல்வெட்டுக்குச் சரியாக ஆயிரம் வருஷம் கழித்து. அங்கே கூட்டத்துக்குள் விழுந்த பந்து திரும்பி வருவதில்லை. இங்கே குடத்துக்குள் விழுந்த காசு திரும்பி வருவதில்லை. ஏதோ ஒரு ஒற்றுமை.

ஆட்டம் முடிய இரவு பதினொன்றரை. டிக்கெட் வைத்திருந்தால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் இலவசமாகப் போகலாம் என்று கடந்த சீசன்களில் செய்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்ட வேண்டும். அந்தச் சலுகையின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் உத்திரமேரூர் ஆரம்பிக்கிறது. ரயில் நிலையம் இல்லாத ஊர். செங்கல்பட்டு வரை மின்ரயிலில் வந்துவிட்டாலும் நடுநிசியில் பேருந்து ஏது? நால்வரும் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி, கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று விடியும் வரை சண்டை போட்டார்கள். மருமகள் மட்டும் தூங்கினார். அவர் வந்ததே ஆயாவுக்குத் துணையாக.

ஆகவே விண்ணப்பம் இவ்வளவுதான். ஆட்டத்துக்கு ஆயிரம் டிக்கெட்டாவது கவுன்டரில் விற்க வேண்டும். அதில் ஒரு கவுன்டர் காஞ்சிபுரத்தில் இருந்தால் மாவட்டமே வாழ்த்தும். செயலியில் குலுக்கல்தான் என்றால் எப்படிக் குலுக்குகிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முறை தெரியாவிட்டால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை, வாசலில் பையைச் சோதிப்பதும் இல்லை. கூடவே வெளியூர்க்காரர்களுக்காகப் பிற்பகல் மூன்றரை மணி ஆட்டங்களில் ஒன்றிரண்டைச் சேப்பாக்கத்துக்கு ஒதுக்கித் தர வேண்டும். ஆயா அடுத்த சீசனுக்கும் வருவதாகத்தான் இருக்கிறார். தேதியை மட்டும் பத்து நாள் முன்னால் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். மாடு கறக்க ஆள் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் குடத்தில் என்றும் இருக்கும்
உத்திரமேரூர் வட்டத்து ரசிகர்கள்