காசு கொடுத்து ஓடிய கதை

ஹாம்பர்க்,
செவ்வாய்க்கிழமை.

சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம், முழங்கால்கள் மட்டும் விதிவிலக்கு.

ரயிலே ஆனாலும் அது நமக்காகக் காத்திருக்க வேண்டுமேயன்றி அதன் பின்னால் நாம் ஓடுவது கௌரவக் குறைவு என்பதை ஆயுள் முழுவதும் விரதமாக அநுஷ்டித்துவரும் தாங்கள், ஏறக்குறைய நூறு யூரோ கட்டணம் செலுத்திவிட்டு ஒருவன் 42.195 கிலோமீட்டர் ஓடுவானேன், அதுவும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஓடுவானேன் என்று கேட்டிருந்தது நியாயமே. ஓட்டத்தின் நடுவே எனக்கும் அதே சந்தேகம் உதித்தது.

1986-ஆம் வருஷம் தொடங்கி வசந்த காலத்தில் நடந்துவரும் இந்த மாரத்தான் வேகத்துக்குப் பேர்போனது. மேடு பள்ளம் அதிகமில்லாத, கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். ஏப்ரல் மாதத்தில் குளிர் முற்றும் விலகாதபடியால் ஓடுகிறவன் உடம்பில் உஷ்ணம் சீக்கிரம் ஏறாது. கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தானில் முதன்முதலாகக் கால் வைத்ததே இங்கேதான். 2013-இல் 2 மணி 5 நிமிஷம் 30 விநாடியில் ஓடி வெற்றியும் கொண்டார். 2022-இல் எதியோப்பியாவின் யாலெம்செர்ஃப் யெஹுவாலாவ் என்ற யுவதி, அவரும் முதல் முயற்சியிலேயே, 2 மணி 17 நிமிஷம் 23 விநாடியில் வென்றார். அத்தனை நேரத்தில் நான் எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்று மட்டும் தயவுசெய்து விசாரிக்க வேண்டாம்.

புறப்படும் இடத்தில் கண்ட காட்சியைத்தான் சித்தியிடம் அவசியம் சொல்ல வேண்டும். குப்பையை ஜாதிவாரியாகப் பிரித்து வெவ்வேறு நிறத் தொட்டிகளில் இடும் ஆசாரசீலர்கள், குளிர்காற்றுக்குப் பயந்து, பெரிய குப்பைப் பைகளின் அடியில் துவாரமிட்டுத் தலையை நுழைத்துக்கொண்டு, வக்கீல்களும் வைத்தியர்களுமாக வரிசையில் நின்றார்கள். நேரம் வந்ததும் பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புறப்பட்டோம். ரேப்பர்பான் என்னும் கேளிக்கை வீதியில், இரவெல்லாம் விழித்திருந்து வீடு திரும்புகிறவர்களும், இரவு ஒன்பது மணிக்கே படுத்தெழுந்து வந்த நாங்களும் எதிர்ப்பட்டபோது, இருசாராரில் யாருக்குப் புத்தி ஸ்வாதீனத்தில் இல்லை என்பதில் இருசாராருக்குமே ஐயம் இருக்கவில்லை.

இவ்வூரார் மிதபாஷிகள். எதிர்வீட்டு அம்மையார் என்னோடு இதுவரை பேசியதெல்லாம் 'மோயின்' என்ற ஒரே முகமன்தான். ஆனால் அன்று வீதியெங்கும் ஜனங்கள் தாம்பாளத்தையும் வாணலியையும் தட்டிக்கொண்டு, மார்பில் குத்தியிருந்த எண் அட்டையில் அச்சிட்டிருந்த பெயரைப் படித்து, 'தியாகா, தியாகா' என்று என் பெயரின் பாதியைக் கூவி ஆரவாரித்தார்கள். ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் தொண்டை கிழியக் கூவிய கூட்டத்தின் முன்வரிசையில், மரக்கரண்டியும் கையுமாக அந்த அம்மையாரே நின்றிருந்தார்! கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இந்த உற்சாகமெல்லாம் முப்பதாவது கிலோமீட்டர் வரையில்தான். தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து அவ்விடத்தை ஒட்டித் தீர்ந்துபோகிறது. அங்கே சுத்தியலோடு ஒருவன் காத்திருந்து ஓடுகிறவனை அடித்து வீழ்த்துவதாக ஜெர்மானியர் சொல்லுவார்கள். பாசக்கயிற்றோடு எருமைமேல் வருகிற நம்மவருக்கு அவன் தூரத்து உறவாக இருக்க வேண்டும். ஏனெனில் எங்களை அந்தச் சமயம் பார்த்து ஓல்ஸ்டார்ஃப் பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். உலகத்தின் மிகப் பெரிய மயானங்களுள் ஒன்று, 380 ஹெக்டேருக்கு மேற்பட்ட விஸ்தீரணத்தில், அழகிய விருட்சங்களோடு அங்கேதான் இருக்கிறது. ஜெர்மானியரின் முன்யோசனையை அதற்கு முன் நான் அவ்வளவு ஆழ்ந்து சிந்தித்ததில்லை.

எப்படியோ முடித்தேன். கழுத்தில் பதக்கத்தை மாட்டிக் கையில் ஒரு கோப்பை பீர் கொடுத்தார்கள். போதையில்லாத பீர்; சித்தியிடம் சொல்லும்போது அந்த அடைமொழியை விட்டுவிட வேண்டாம்.

நேற்றுக் காலை, நேராக இறங்கத் தொடைகள் சம்மதிக்காதபடியால், மாடிப்படிகளில் பின்புறமாகத் திரும்பிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அம்மையார் "மோயின்" என்றார். மாடிப்படி கழுவும் முறை இந்த வாரம் என்னுடையது என்பதையும் நினைவூட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கள் அன்புள்ள,
தியாகராஜன்