கணிப்பொறி அறை வாசலில் செருப்பு கழற்றல்: காரணமும் கருத்து வேறுபாடுகளும்

தமிழகத்தில் கணிப்பொறியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370 வந்ததை எழுதினர். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்ததையும் எழுதினர். அந்த இயந்திரங்கள் இருந்த அறைகளுக்கு வெளியே கிடந்த செருப்புகளைப் பற்றி எழுதியவர் எவரும் என் கண்ணில் படவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் இத்தொழிலுக்குள் நுழைந்து, ஃபிளாப்பி காலத்திலும் சம்பளம் வாங்கி, கிளவுட் காலத்திலும் சம்பளம் வாங்கியவன் என்ற தகுதியில் அக்குறையைத் தீர்க்க முற்படுகிறேன். சான்றுகளில் பல என் நினைவில் உள்ளவை, சில, பாதத்தில்.

வழக்கம் இன்னதென்று முதலில் வரையறுப்போம். கல்லூரியோ, வங்கியோ, மாடிப்படிக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரோ, எங்கும் கதவில் ஓர் அட்டை தொங்கும்: 'செருப்பை வெளியே விடவும்.' உள்ளே ஏ.சி. அந்த ஏ.சி. மனிதருக்காக வாங்கப்பட்டதன்று, இயந்திரத்துக்கு வாங்கியதில் நாங்கள் ஒண்டிக்கொண்டோம். அக்னி நட்சத்திரத்தின்போது கணக்குப் பிரிவு, டெஸ்பாட்ச் பிரிவு எல்லாவற்றுக்கும் திடீரென்று எங்கள் அறையில் வேலை முளைக்கும்.

செருப்பை ஏன் கழற்ற வேண்டும்? இதில் மூன்று கட்சிகள் உண்டு.

தூசிக் கட்சியாரே மூத்தோர். அவர் கூற்றில் நியாயமும் உண்டு. 1970இல் வந்த ஐபிஎம் 3330 வட்டகத்தில் தட்டு அடுக்கைக் கழற்றி மாட்டலாம். ஓர் அடுக்கில் 100 மெகாபைட். நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும் அத்தட்டின் மேல், ஏறத்தாழ ஒரு மைக்ரான் உயரத்தில் படிக்கும் தலை மிதந்து செல்லும். மனிதத் தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல். புகைத் துகள்கூட அந்தச் சந்தில் முட்டிக்கொள்ளும் என்று பாடப்புத்தகங்கள் படம் போட்டுக் காட்டின. முட்டினால் தலை தட்டில் உரசும், தரவு போகும், ஆபரேட்டரின் இன்க்ரிமென்ட்டும் போகும்.

அற்றன்று. என்னை? 1973இலேயே ஐபிஎம் தட்டையும் தலையையும் ஒரே பெட்டிக்குள் மூடி, வின்செஸ்டர் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. 1983இன் பி.சி. எக்ஸ்.டி.யில் இருந்த 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கும் மூடியதே. நான் செருப்பைக் கழற்றத் தொடங்கியபோது, அதற்கான காரணம் ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்தது. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் உறையில் ஒரு திறப்பு இருந்ததே, அதில் தூசி படியாதா என்று தூசிக் கட்சியார் மறுப்பர். படியும். ஆனால் அந்த ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மவுன்ட் ரோடில் பஸ் ஏறியவர்களும் அவர்களே.

இன்னொன்றையும் அவர்கள் விளக்கியாக வேண்டும். ஆண்டு முழுதும் புகைக்கும் தூசிக்கும் அஞ்சிய அதே அறைக்குள் ஆயுதபூஜையன்று சாம்பிராணி போட்டார்கள், மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். கீபோர்டுக்குள் சிந்திய பொரி பொங்கல்வரை ஸ்பேஸ்பாரைத் தடுத்தது. மேலும், பொய்த்தரைக்கு அடியில் கேபிளைக் கடித்த எலிகள் எல்லாமே விதிப்படி வெறுங்காலுடன் நுழைந்தவை.

இரண்டாமவர் வைரஸ் கட்சியார். 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற வைரஸை எழுதினர். 360 கிலோபைட் ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் குடியேறும் அதற்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வைத்திருந்தனர். இன்றைய வைரஸ்களுக்கு இந்த மரியாதை இல்லை. இச்செய்தி எங்கள் ஊருக்கு வருவதற்குள் 'கம்ப்யூட்டருக்கு வைரஸ் வருகிறது' என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. எங்கள் நிர்வாக அதிகாரி ஒருவர் வாசலில் ஃபினாயில் தெளிக்கச் சொன்னார். இருமியவர்களை வெளியே உட்கார வைத்தார். செருப்பு வழியாக வைரஸ் ஏறும் என்ற கோட்பாடு அவருடையதே. எதிர்ச்சான்று காட்டி அவரை மறுக்க முடியவில்லை; காரணம், அவர் என் லீவு விண்ணப்பங்களில் கையெழுத்திடுபவர்.

மூன்றாமவர் மரியாதைக் கட்சியார். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொருளின் எதிரே செருப்புடன் நிற்பதா என்பது அவர்கள் கேள்வி. இதுவே உண்மைக்கு அருகில் வருவதாக என் துணிபு. அறை திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர்கள் ஷூவோடே உள்ளே போனதை வைத்து இதை மறுப்பாரும் உளர். அப்பெரியவர்களின் கால்தூசிக்கு விதிவிலக்கு உண்டு என்க.

இனி, ஆய்வாளர் எவரும் தொடாத பகுதி. வாசலில் கிடந்த குவியல் வெறும் குவியலன்று. அது ஒரு தகவல் அமைப்பு. கடைசியில் வந்தவர் செருப்பு மேலே கிடக்கும். முதலில் வந்தவர் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்டாக் என்னும் தரவு அமைப்பை நான் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கரும்பலகையில் விளக்கியதில்லை. கதவைத் திறந்து காட்டினேன். சர்வீஸ் இன்ஜினியர் வந்திருக்கிறாரா என்பதைப் பளபளக்கும் ஷூவும், அவருக்கு மணமாகிவிட்டதா என்பதை உள்ளே சாக்ஸின் ஓட்டையும் தெரிவித்தன.

மேலாளர்கள் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. செருப்பு கிடந்தால் ஆள் இருக்கிறான் என்று பொருள். இதை முதலில் உணர்ந்த புரோகிராமர், வார் தளர்ந்த பழைய ஹவாய் ஜோடி ஒன்றை வாசலில் நிரந்தரமாக விட்டுவைத்தார். மற்றொரு ஜோடியில் அவர் டீக்கடையிலும் சில நாள் மேட்னியிலும் இருந்தார். பின்னாளில் சாட் செயலிகளில் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளி வந்தபோது, இளையோர் அதை அணையாமல் காக்க மவுஸை ஆட்டும் கருவி வாங்கினர். எங்கள் காலத்துத் தீர்வுக்கு மின்சாரம்கூட வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் தரைவிரிப்பு வந்ததும் நிலைமை தலைகீழானது. ஏ.சி.யில் காற்று உலர, செயற்கை இழை விரிப்பில் சாக்ஸ் காலோடு நடந்தவர் உடலில் நிலைமின்னேற்றம் சேரும். அது மனிதருக்கு உறைக்கச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அதில் சிறு பங்கே சில சில்லுகளைக் கெடுக்கப் போதும். இயந்திரத்தைக் காக்கவே ஷூவைக் கழற்றியவர், ரேம் மாற்றக் கை நீட்டியபோது இயந்திரத்துக்கு எமனானார். வெறுங்காலினருக்கு இத்தொல்லை குறைவு என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

இவ்விவாதம் 2020 மார்ச் வரை தீராமல் கிடந்தது. ஊரடங்கு வந்தது, வீட்டுக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. தமிழக ஐ.டி. துறை ஏறத்தாழ முழுவதும் ஒரே வாரத்தில் வெறுங்காலுக்கு மாறியது. தெருவில் போய் வந்தவர் செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, காலைக் கழுவி, அதன்பின் லேப்டாப்பைத் தொட்டனர். சர்வர்கள் வழக்கம்போலவே விழுந்தன. தூசிக் கட்சிக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஏப்ரலில் ஒரு நாள் எங்கள் பழைய நிர்வாக அதிகாரி போன் செய்தார். ஓய்வுபெற்று நெடுங்காலம் ஆகியும் குரலில் அதே கண்டிப்பு.

"என்னப்பா, வாசல்ல ஃபினாயில் போட்டாச்சா? நான் அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?"