அண்ணனுக்கு 272 வாட்

ஞாயிற்றுக்கிழமை காலை லாபிஸ் பக்கம் கார் ஓட்டிப் போகிறவர்கள் அவரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சிகாமட்டிலிருந்து யோங் பெங் போகும் பழைய பெரிய சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி, உடம்பைக் கவ்விப் பிடித்த ஜெர்சியில், குனிந்த தலை நிமிராமல் ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவார். சாலையைப் பார்க்க மாட்டார். எதிரே வரும் மாமன் மச்சானையும் பார்க்க மாட்டார். ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சின்னத் திரையில்தான் கண். அதில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். 198. 214. 187. எண் ஏறினால் நெஞ்சு நிமிரும். எண் இறங்கினால், காலை முறைக்க மாட்டார், திரையை முறைப்பார்.

அவர்தான் வாட் அண்ணன். லாபிஸில் மட்டும்தான் இருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். சாஆவில் உண்டு, குளுவாங்கில் ஒரு கூட்டமே உண்டு. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும். இனிப்புநீர் எட்டிப் பார்த்த அன்று டாக்டர் இவரை நடக்கச் சொன்னார். நடப்பதற்கு வாங்க வேண்டிய விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லாததால் அண்ணன் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தார். முதலில் சைக்கிள் வந்தது. பிறகு கார்பன் சைக்கிள் வந்தது. பிறகு, இனி வாங்க ஒன்றுமில்லை என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்ட வேளையில், பவர் மீட்டர் வந்தது.

சாமான் என்னவோ நியாயமானதுதான். மிதியைத் தாங்குகிற கிராங்குக் கை உலோகத்தால் ஆனது. மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உணரியின் மின்தடை அந்த வளைவுக்குத் தக்கபடி மாறும். அதை வைத்து முறுக்குவிசையைக் கணக்கிட்டு, கிராங்கு சுற்றுகிற வேகத்தோடு பெருக்கினால் வாட். ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் 1986-இல் எஸ்ஆர்எம் என்ற பெயரில் இதைத் தொடங்கியபோது, கிரெக் லெமாண்ட் மாதிரியான பெரிய பந்தய வீரர்கள்தான் பூட்டிக்கொண்டு ஓட்டினார்கள். இப்போது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குக்கூட ஆன்லைனில் தட்டிவிட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கூடக்குறைய 1.5 விழுக்காடு துல்லியம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். பெட்டி பொய் சொல்வதில்லை. அதைத் திறந்த பிறகு நடப்பதற்குப் பெட்டி பொறுப்பில்லை, அவ்வளவுதான்.

அண்ணனுடைய மீட்டர் இடது கிராங்கில் மட்டும் உட்கார்ந்திருப்பது. இடது காலை அளந்து, வலது காலும் அப்படித்தான் உழைக்கும் என்று நல்லெண்ணத்தில் இரண்டால் பெருக்கிக் காட்டும். அண்ணனுக்கோ இளவயதில் பந்து விளையாடப் போய் வலது முட்டி பிசகியது. அந்தக் கால் அன்றிலிருந்து ஏதோ கூடவே வருகிறது. அவருடைய சைக்கிள் குழுவில் இருக்கும், பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி இதை விளக்கினான்.

"அண்ணே, அது நல்ல காலை மட்டும்தான் பார்க்குது. அதையே ரெண்டு தடவ எண்ணிடுது."

"அதான் தம்பி சரி. மனுஷன்கிட்ட நல்லத மட்டும்தான் பார்க்கணும்."

அடுத்தது வெயில். இந்த உணரிக்கு வெப்பம் ஆகாது. சூடு மாறினால் உலோகமும் மாறும், சும்மா இருக்கும்போது காட்ட வேண்டிய பூச்சியமும் நகரும். அதனால்தான் கிளம்புவதற்கு முன் பூச்சியத்தைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். அதுவும் சைக்கிள் வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு செய்ய வேண்டும். அண்ணன் இதில் கறாரானவர். சைக்கிளைப் படுக்கையறையில்தான் வைத்திருக்கிறார், ஏர்கோன் 18 டிகிரியில். மனைவிக்குக் குளிர் தாங்காமல் கூடத்தில் படுக்கிறார். விடிகாலையில் அந்த அறையிலேயே சைக்கிளை நேராக நிறுத்தி, இடது மிதியை ஆறு மணி முள்ளின் இடத்தில் தொங்கவிட்டு, மூச்சை அடக்கிப் பொத்தானை அமுக்குவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. பூச்சியம் சுத்தமாக அமைந்துவிடும். பிறகு 18 டிகிரியிலிருந்து லாபிஸ் வெயிலுக்குள் இறங்குவார். பத்து மணிக்கு 33 டிகிரி. கூட வந்தவர்கள் சாஆ சாலையில் நாக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் எண் மட்டும் மெல்ல மெல்ல ஏறும்.

"எனக்கு இஞ்சின் சூடாகணும்லா. அப்புறம்தான் பாய்ச்சல்!"

இத்தனைக்கும் மீட்டரை அவர் சந்தேகிக்காதவர் இல்லை. மிகத் தீவிரமாகச் சந்தேகிப்பார், எண் குறையும் நாட்களில். 160 என்று காட்டினால் மீட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது. கார் கழுவும் கடைப் பையன் தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததில் உள்ளே ஈரம் போய்விட்டது. (இந்தக் கடைசிக் காரணம் பல நாள் உண்மையாகவும் இருக்கும். அப்படிச் சைக்கிளைக் கழுவக் கொடுத்தது யார் என்பது வேறு விஷயம்.) ரயில் பாதையை ஒட்டி ஓட்டும்போது ஒருமுறை எண் சுத்தமாக அறுந்து பூச்சியம் ஆனது. அன்று முழுக்க, கெமாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை இழுத்த புதிய மின்சாரப் பாதையின் 25,000 வோல்ட்தான் தன்னை அழுத்திவிட்டது என்று கோப்பிக் கடையில் விளக்கிக்கொண்டிருந்தார். நாணய பேட்டரியின் மூடி ஒரு சுற்று லூசாக இருந்ததை அந்தத் தம்பி கண்டுபிடித்து முடுக்கினான். அண்ணன் அதை மறுக்கவில்லை. ரயில் போன அதிர்வில்தான் மூடி லூசானது என்றார்.

எண் கூடினால் மட்டும் ஒரு விசாரணையும் கிடையாது. தோட்டச் சாலைக் குழியில் சைக்கிள் இறங்கி ஏறியபோது ஒரு நொடி 1,860 வாட் என்று திரை அலறியது. டிராக்கில் ஸ்பிரிண்ட் ஓடும் உலகத் தரமான வீரர்கள் தொடுகிற அளவு அது. 2017-இல் ஹாங்காங்கில் கெய்ரின் உலகச் சாம்பியனான நம் அசிசுல்ஹஸ்னி அவாங், லாபிஸில் இப்படி ஒரு போட்டியாளர் இருப்பது தெரியாமலே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். குழியைப் படம் பிடிக்கவில்லை.

அந்தப் படத்தைக் கோப்பிக் கடைத் தவுக்கேயிடமும் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ராபர்ட் ஃபோர்ஸ்டமான் என்ற ஜெர்மன்காரர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், மரம் மாதிரித் தொடை உள்ளவர், 2015-இல் சைக்கிள் மிதித்தே 700 வாட் ரொட்டி சுடும் மிஷினை ஓட்டிக் காட்டிய கதையைச் சொன்னான். ஒரே ஒரு ரொட்டித் துண்டு சிவந்ததும் ஆள் தரையில் விழுந்துவிட்டார். தவுக்கே அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் ரொட்டி பாக்கார் அடுப்பைப் பார்த்தார். "நீ நாளைக்குக் காலையில வா. எனக்குக் கரண்டு பில் மிச்சம்" என்றார்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்த எண் சாப்பாட்டு மேசை வரை வருகிறது. மீட்டர் வாட்டோடு நிற்பதில்லை, மொத்தம் எத்தனை கிலோஜூல் உழைத்தோம் என்றும் கூட்டிக் காட்டும். மனித உடம்பு தான் எரிப்பதில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் மிதியில் சேர்க்கிறது. அதனால் ஒரு கிலோஜூல் உழைப்புக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவு என்று சைக்கிள்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அண்ணன் இந்தக் கணக்கை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். 1,100 கிலோஜூல் என்றால் மூன்று ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். சீனி போடாத தே-ஓ எல்லாம் வேலை நாளுக்கு. ஆக, மீட்டர் கூட்டிச் சொல்லும் ஒவ்வொரு வாட்டும் ஞாயிற்றுக்கிழமை ரொட்டியாகவும் பருப்புக் கறியாகவும் உள்ளே போகிறது. மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தார்கள். 9.4 வந்தது. நர்ஸ் முகத்தைச் சுளித்தார். அண்ணன் ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்: "மிஸ்ஸி, இந்த மீட்டருக்குப் பூச்சியம் வச்சுப் பார்த்தீங்களா?"

எடையிலும் இப்படித்தான். சைக்கிள் உலகத்தில் வெறும் வாட்டுக்கு மதிப்பில்லை, உடம்பு எடையால் வகுத்துச் சொல்ல வேண்டும். இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, வரும் சராசரியில் 5 விழுக்காடு கழித்தால் கிடைப்பது ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு என்பது வழக்கம். அண்ணனுக்கு அது 272. தராசில் நின்றால் 84 கிலோ. செயலியில் பதிந்திருப்பது 68, கல்யாணத்தன்று இருந்த எடை. வகுத்தால் சுளையாக நாலு வருகிறது. "நமக்கு நாலு தம்பி, நாலு" என்று நான்கு விரலையும் காட்டுவார். நீண்ட மலையேற்றத்தில் டூர் டி பிரான்ஸ் ஜெயிப்பவர்களுக்கு ஆறுக்கு மேல் வரும். இன்னும் இரண்டுதானே.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த வாட் எந்த மனிதரின் பெயரோ, அந்த ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சின் விற்பதற்காகக் குதிரைத்திறனுக்கு ஓர் அளவு வைத்தாரே, இன்றைய கணக்கில் 746 வாட், அதுவே ஒரு சராசரிக் குதிரை நாள் முழுக்கத் தாங்கும் அளவைவிடக் கூடுதல் என்பார்கள். தொடக்கமே அப்படி.

வீட்டில் இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அண்ணனின் அப்பா. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மனிதர். இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக உளி போட்டு, மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளியில் சுமந்து பால் கொட்டகைக்கு வந்தால், அங்கே கிராணி உட்கார்ந்திருப்பார். எத்தனை வாளி என்பதில் பாதிக் கூலிதான் இருந்தது. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதில்தான் மீதி. அதற்கு மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழல். கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, நுரையை வழித்துவிட்டு, குழலை மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கிராணி படிப்பார். நுரையை வழிக்காமல் படித்தால் ஒரு எண், குனிந்து படித்தால் ஒரு எண், நின்றபடி படித்தால் இன்னொரு எண். மழை நாளில் எந்த எண்ணும் தொழிலாளிக்கு உதவாது. அந்த எண் ஒரு கோடு இறங்கினால் பிள்ளைக்கு வாங்க நினைத்த சட்டை அடுத்த மாதத்துக்குப் போகும். கிராணி படிக்கும்போது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். பெரியவர் காலமெல்லாம் ஓர் அளவைக் கருவி தனக்குக் குறைத்துச் சொல்கிறதா என்று பயந்து வாழ்ந்தவர். மகனுக்குக் கிடைத்திருப்பதோ கூட்டிச் சொல்கிற கிராணி.

ஒருநாள் மாலை பெரியவர் கேட்டுவிட்டார். "ஏம்ப்பா, இந்தத் தராசுக்கு எடைக்கல்லு வச்சுப் பார்த்தியா?"

அண்ணன் சிரித்தார். இது அந்தக் காலத்துத் தராசு இல்லை என்றார். ஆனால் பக்கத்தில் இருந்த தம்பி சிரிக்கவில்லை. பெரியவர் சொல்வதுதான் உலகம் முழுக்கச் செய்கிற சோதனை என்றான். பின் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு, இடது கிராங்கைத் தரைக்குக் கிடையாக வைத்து, மிதியில் எடை தெரிந்த ஒரு பொருளைத் தொங்கவிட வேண்டும். பத்து கிலோவை 9.81-ஆல் பெருக்கி, 170 மில்லிமீட்டர் கிராங்கின் நீளத்தால் பெருக்கினால் 16.7 நியூட்டன்-மீட்டர். மீட்டரின் செயலியிலும் அதே எண் வர வேண்டும். வந்தால் மீட்டர் யோக்கியம்.

எடைக்கல் இல்லை. அடுப்படியில் பிரிக்காத பத்து கிலோ அரிசி மூட்டை இருந்தது. பெரியவரே கயிறு கட்டினார், கட்டிய விதத்தில் வாளி சுமந்த கை தெரிந்தது. தம்பி பிரேக்கைப் பிடித்தான். அண்ணி கரண்டியோடு வந்து நின்றார். மூட்டை ஆடி அடங்கும் வரை யாரும் பேசவில்லை. அண்ணன் கைப்பேசியைப் பார்த்தார்.

19.

தம்பி மனத்துக்குள்ளேயே வகுத்துப் பார்த்து 14 விழுக்காடு கூடுதல் என்று மெதுவாகச் சொன்னான். அப்படியானால் 272 என்பது 239. கல்யாண எடையை விட்டு உண்மை எடையால் வகுத்தால் நாலு எங்கே, மூன்றுகூட வரவில்லை. அதுவும் வலது காலைப் பற்றி இன்னும் பேசாமல். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கொட்டகையில் கிராணியைப் பார்த்த அதே பார்வையை மகன் பக்கம் திருப்பினார்.

அண்ணன் கொஞ்ச நேரம் மூட்டையைச் சுற்றி வந்தார். கையால் தூக்கிப் பார்த்தார். கைப்பேசியில் ஏதோ தட்டிக் கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது.

"பதினொரு கிலோ நானூறு கிராம் இருக்குது! பத்துன்னு எழுதிட்டு ஒரு கிலோவுக்கு மேல கூடப் போட்டிருக்கான். ஏம்மா, இத எந்தக் கடையில வாங்கின?"

அண்ணி கடையின் பெயரைச் சொல்வதற்குள் அண்ணன் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். சரக்குத் தீர்வதற்குள் இன்னும் இரண்டு மூட்டை வாங்கிப் போட்டுவிட வேண்டுமாம்.