வேலி தாண்டியவர்களுக்கு விளையாட்டரங்கம்

1970களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவை வறட்சி வாட்டி, வசதி படைத்தோர் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது, சக்கரப்பலகை எனப்படும் ஸ்கேட்போர்டுடன் வேலி தாண்டிக் குதித்த இளைஞர்கள், குளத்தின் வளைந்த சுவரில் விளிம்புவரை ஏறிச் சறுக்கி, போலீஸ் வண்டியின் ஓசை கேட்டதும் ஓட்டம் பிடித்தனர். அவர்களுள் ஒருவரான ஸ்டேசி பெரால்டா 2001இல் இயக்கிய 'டாக்டவுன் அண்ட் இசட்-பாய்ஸ்' ஆவணப்படம் அக்கலகத்தை ராக் இசை முழங்கக் கொண்டாடியது. பணம் போட்டதோ ஒரு காலணி நிறுவனம் (கலகக்காரருக்கும் கால் சுடுமல்லவா). அந்த இளைஞர்களின் பேட்டைச் சுவர்களில் கிறுக்கப்பட்ட சிலுவைக் குறி, பின்னர் பனியன்களில் அச்சாகி விலைக்கு வந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, 'பார்க்' எனும் பிரிவுக்காக, வற்றிய குளத்தின் பள்ளமும் வளைவும் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டப்பட்டன. துரத்துவதற்குப் போலீஸ் இல்லை; நடுவர்கள் அமர்ந்து மதிப்பெண் போட்டனர்.