கொல்லையில ஒரு எண்ணெய்க் கிணறு

ஏ மாப்ள, இங்க வந்து திண்ணையில உக்காரு. காட்டாமணக்கு நட்டு வீட்டிலேயே டீசல் காய்ச்சப் போறியாம்ல? எங்க அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. நல்ல காரியம். நாடு எரிக்கிற கச்சா எண்ணெயில 100-க்கு 85 பங்குக்கு மேல கப்பல்லதான் வருது. நீ ஒரு கேன் காய்ச்சி இறக்குனேன்னா, அரபு ஷேக்கு ஒட்டகத்தை ஓட்டிக்கிட்டு நம்ம காட்டுல கிடை போட வந்துருவான்.

அடுப்பு மூட்டுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். கூப்பிடு தூரத்துல இருக்கிற டீக்கடைக்கு பைக்ல போறே. போயி, வண்டியை அணைக்காம நின்னு போன் பேசுறே. ஓட்டும்போது பின் பிரேக் மேலயே காலு. ஊர் எல்லை தாண்டுற வரைக்கும் உன் சிவப்பு லைட்டு அணையல, பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன். பங்க்ல பெட்ரோல் போடத் தெரியுது, அங்கேயே ஓசியில காத்துப் பிடிக்க மட்டும் வெக்கம். எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொல்றதுக்குன்னே டெல்லியில ஒரு ஆராய்ச்சிக் கழகம் 1978-லிருந்து இருக்கு. கார் 45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்துல போனா, 80-ல போறதைவிட 40 சதவீதம் வரைக்கும் மைலேஜ் கூடும்ங்கிறது அவங்க கணக்கு. பைக்குக்கும் கதை அதேதான். ஆனா நீ எப்படி மெதுவாப் போவே? ஆலமரத்தடியில தாயம் உருட்ட ஆள் காத்துக்கிட்டு இருக்கே!

சரி, காட்டாமணக்குக்கு வருவோம். 2003 வாக்குல டெல்லி திட்டக்குழுவே அதைத் தூக்கி வச்சு ஆடுச்சு. தரிசுல நடு, தண்ணி வேண்டாம், காய்ச்சுக் கொட்டும்னாங்க. நட்டவனுக்குத் தெரியும். தண்ணி ஊத்தாம செடி நின்னுச்சு, உண்மைதான், காய் நிக்கல. ஆடுகூட வாய் வைக்காத செடின்னு அப்பவே நாங்க வேலிக்கு ஒதுக்கிட்டோம். ஆட்டுக்கு இருந்த யோசனை!

புங்க எண்ணெய், கடலை எண்ணெய்னு போறியா? கடலை எண்ணெயில எஞ்சின் ஓடும்னு 1900-ல பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஓட்டிக் காட்டிட்டாங்க. இல்லேங்கல. ஆனா இப்போ கடலை எண்ணெய் டீசலைவிட ரெண்டு மடங்கு விலை. அதை எஞ்சின்ல ஊத்துறதுக்கு நீயே குடிச்சிட்டு ஓடலாம். பச்சை எண்ணெயை அப்படியே ஊத்துனா கெட்டியா இருக்கும், நாசில்ல கரி பிடிச்சு அடைச்சுக்கும். முறையா பயோடீசலா மாத்தணும்னா காஸ்டிக் சோடா வேணும், மெத்தனால் வேணும். 2024-ல கள்ளக்குறிச்சியில அறுபது உசுருக்கு மேல குடிச்சது அந்த மெத்தனால்தான். அதைக் கொண்டாந்து எங்க அக்கா அடுப்பங்கரையில வைக்காதே. இதுல மட்டும் நான் விளையாடல.

வடை சுட்ட எண்ணெயை வாங்கிக்கிடுறேங்கியா? அரசாங்கமும் 2018-லிருந்து அதைச் சேர்த்து பயோடீசலுக்குக் கொடுங்கன்னு கேக்கத்தான் செய்யுது. நம்மூர் டீக்கடைச் சட்டியில மிஞ்சினாத்தானே? கடைசிச் சொட்டும் பஜ்ஜிக்குள்ள போயிருதுல்லா.

மூலிகை பெட்ரோலை மறந்துட்டியோ? 1996-ல ராஜபாளையத்துப் பக்கம் ராமர் பிள்ளை தண்ணியில தழையைப் போட்டுக் காய்ச்சுனப்போ நாடே வாய் பிளந்துச்சு. அப்புறம் மோசடின்னு சிபிஐ வழக்கு. 2016-ல சென்னைக் கோர்ட்டுல மூணு வருஷத் தண்டனை.

உனக்கு நிசமாவே கிணறு வேணும்னா, கொல்லையில ரெண்டு மாடு கட்டியிருக்கே பாரு, அதுக்குப் பின்னால போயி நில்லு. மூக்கைப் பிடிக்காதே. சாண எரிவாயுத் தொட்டி ஒண்ணு கட்டினா, ஒரு கிலோ சாணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் எரிவாயு கிடைக்கும். நாலஞ்சு மாடு, நாளைக்கு 50 கிலோ சாணின்னா 2 கனமீட்டர்; மாசத்துக்கு ரெண்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. உன் ரெண்டு மாட்டுக்கு ஒரு சிலிண்டரை ஒட்டி வரும். சாணிக்குச் சரிக்குச் சரி தண்ணி விட்டு, கையை விட்டுக் கரைக்கணும். வைக்கோல், கல்லு தட்டுப்பட்டா பொறுக்கி எறியணும். இல்லேன்னா மேல ஆடை கட்டி வாயு ஏறாது. பினாயில் ஊத்திக் கழுவுன தண்ணியை உள்ள விட்டா நுண்ணுயிர் செத்துரும். முதல்ல வர்ற வாயு சரியா எரியாது, அதை வெளிய விட்டுரணும். மார்கழிக் குளிர்ல வாயு குறையும், அப்போ என்னைத் திட்டாதே. பர்னர்ல நீலமா எரியுறது படபடன்னு அடிச்சா, குழாய்ல தண்ணி கோத்திருக்குன்னு அர்த்தம். திறந்து வடிச்சு விடு. வெளிய வர்ற சாணிப்பால் வயலுக்கு உரம். இதுல பைக் ஓடாது. ஆனா சிலிண்டர் கேஸும் பாதிக்கு மேல கப்பல்ல வர்ற சரக்குதானே.

பைக்கும் ஓடணும்னு அடம்பிடிச்சா அதுக்கும் ஒரு வழி இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் ரேஷனானப்போ நம்ம ரோட்டுல கரி பஸ் ஓடுச்சு. பின்னால கரி பாய்லர். கிளீனர் பையன் அதுல காத்து ஊதுற சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, மூஞ்சி கருத்து நிப்பானாம். மேடு வந்தா டிக்கெட் வாங்குனவங்க இறங்கித் தள்ளணும்னு எங்க அய்யா சொல்வாரு. நீ பைக்குக்குப் பின்னால அப்படி ஒண்ணு கட்டு. தள்ளுறதுக்கு என்னைக் கூப்பிடாதே.

சாணி கரைக்க யோசனையா இருக்கா? அப்போ சுலபமானதுல ஆரம்பி. காலையில பால் சொசைட்டிக்கு நீ ஒரு நடை, நான் ஒரு நடைன்னு எதுக்கு ரெண்டு வண்டி? நாளையிலிருந்து என் கேனையும் நீயே தூக்கிட்டுப் போயிரு. மூடியை மட்டும் நல்லா இறுக்கிக்கோ.