பொருள்: தண்ணீர் பாட்டில் தொடர்பாக

அனுப்புநர்: ஒரு ரசிகர், சயான் கோட்டைக்குக் கீழே, மும்பை – 400022.
பெறுநர்: பிழை நீக்கும் அதிகாரி அவர்கள், ஹெச்.பி.ஓ. நிறுவனம், நியூயார்க்.

மகா மேன்மை பொருந்திய ஐயா,

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் முடிந்து இத்தனை வருடம் கழித்து மனுப் போடுகிறானே என்று எண்ண வேண்டாம். எங்கள் பக்கத்தில் இதுதான் சாதாரண வேகம். 1912-ல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை, இடித்துக் கட்டப் போகிறோம் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் மூடினார்கள். சொன்ன கெடு தள்ளிக்கொண்டே போனது. தாங்களோ, 2019 மே 5-ல் ஒளிபரப்பான பகுதியில் டெனேரிஸ் மகாராணியின் மேசையில் யாரோ விட்டுப்போன காபிக் கோப்பையை இரண்டே நாளில் படத்திலிருந்து துடைத்தெடுத்தீர்கள். லாட்டே வந்தது தவறுதான், மகாராணி கேட்டிருந்தது மூலிகைத் தேநீர் என்று அறிக்கையும் விட்டீர்கள். ஒரு நிர்வாகம் தவறை ஒப்புக்கொண்டு, சரிசெய்து, கூடவே சிரிக்கவும் வைப்பது எங்களுக்குப் புதுசு. அந்தத் தெம்பில்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் கோஷ்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோலிவாடாப் பக்கம் அண்ணாச்சி கடையில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டே அந்தத் தொடரின் வெஸ்டெரோஸ் ராஜ்ஜியத்து வாரிசுரிமையை அலசுகிறவர்கள். யார் யாருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, எந்தக் கோட்டை யாருக்குப் பாத்தியப்பட்டது என்பதெல்லாம் விரல் நுனியில். சொந்த சொசைட்டியின் செயலாளர் யாரென்று கேட்டால்தான் முழிப்பார்கள். கோப்பை விவகாரம் வெடித்த அன்று ஒரு தம்பி அடித்துச் சொன்னான்:

“அது ஸ்டார்பக்ஸ் இல்லண்ணே. செட்டுல டீ காபி கொடுக்கிறவங்க கப்பு.”

பாய்லரைத் திருகிக்கொண்டே அண்ணாச்சி கேட்டார். “யார் கப்பா இருந்தா என்னல? கழுவுனது யாரு?”

“யூஸ் அண்ட் த்ரோ, அண்ணாச்சி.”

“அப்போ பொறுக்குனது யாரு?”

தம்பியிடம் பதில் இல்லை. தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும். 73 பகுதிகளில் எத்தனையோ விருந்து பார்த்தோம். எச்சில் தட்டு எடுத்தவர் பெயர் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

இனி மனுவுக்கு வருகிறேன். கடைசிப் பகுதி. டிராகன் குழியில் பிரபுக்கள் வட்டமாக உட்கார்ந்து அடுத்த ராஜாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாம்வெல் டார்லி நாற்காலியில் இருக்கிறார், அவர் காலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அதை வட்டம் போட்டு உலகம் முழுக்க அனுப்பினோம். உயிர் போகிற வேகத்தில் கண்டுபிடித்த பெருமை எங்கள் கோஷ்டிக்கும் உண்டு. ஆனால் அதே காட்சியில், அதே சாம்வெல், எழுந்து நின்று ஒன்று சொல்கிறார்: ராஜா எல்லாரையும் ஆளப்போகிறார் என்றால் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் என்ன? சபை கொல்லென்று சிரிக்கிறது. அப்படியானால் நாய்க்கும் ஓட்டுக் கொடுக்கலாமே என்கிறார் ஒரு பிரபு. என் குதிரையைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் இன்னொருவர். சாம்வெல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பிறகு வரும் ஆலோசனைச் சபைக் காட்சியில் பார்த்தால் அவருக்குப் பெரிய பதவி கிடைத்திருக்கிறது. கேள்வி கேட்டவரைப் பதவி கொடுத்து அமர்த்தும் வித்தையைத் தாங்கள் எங்கிருந்து கற்றீர்களோ, இங்கே அது பால்வாடிப் பாடம்.

பாட்டிலைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சிரிப்பு ஏன் பிழையாகத் தெரியவில்லை என்பதுதான் ஐயா என் வருத்தம். எங்கள் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். பேய்ப்படையோடு போர் நடக்கும் பகுதி இந்தியாவில் வந்தது 2019 ஏப்ரல் 29 காலை. அன்றுதான் மும்பையில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. எங்களில் பாதிப் பேர் இருட்டுப் படத்தைக் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு விரலில் மை வைக்கப் போனோம். மீதிப் பேர் இரண்டாம் முறை பார்க்க உட்கார்ந்தார்கள். (ஒன்றுமே தெரியவில்லை என்றவர்களிடம், உங்கள் டிவியைச் சரியாக வையுங்கள் என்ற பொருளில் தங்கள் ஒளிப்பதிவாளர் பேசினார். அவருக்கு இங்கே எந்த அரசு அலுவலகத்திலும் உடனடி வேலை உண்டு.) கடைசிப் பகுதி மே 20 காலை, வாக்கு எண்ணிக்கை 23. இடைப்பட்ட மூன்று நாளும் நாங்கள் பேசியது பாட்டிலைப் பற்றி.

கடைசி சீசனை மறுபடி எடு என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அவசரகதியில் முடித்தீர்கள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குற்றச்சாட்டில் தங்கள் கட்சி. கூலிப்படைக்காரன் ப்ரானுக்கு ஹைகார்டனைத் தூக்கிக் கொடுத்தது நம்பும்படி இல்லை என்கிறார்களே, அது அறியாமை. எங்கள் ஊரையே 1661-ல் போர்ச்சுகல் ராஜகுமாரி காதரீனின் கல்யாணச் சீதனமாக இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு இந்தத் தீவுகளை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடம் 10 பவுன் வாடகைக்கு விட்டார். கம்பெனி தன் எல்லையில் ஒரு குன்றின்மேல் கோட்டை கட்டியது. அந்தப் பக்கம் போர்ச்சுகீசியரின் சாஷ்டித் தீவு. அதுதான் என் ஜன்னலுக்கு எதிரே நிற்கும் சயான் கோட்டை. அடிவாரத்தில் இப்போது தொல்லியல் துறை அலுவலகம், மேலே காதலர்கள். சீதனம் கொடுத்தபோதோ வாடகைக்கு விட்டபோதோ இங்கே வலை வீசிக்கொண்டிருந்த கோலிகளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாமே என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சபையும் சிரித்துத்தான் இருக்கும்.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 227 உறுப்பினர்கள் கொண்ட எங்கள் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச் 7-ல் முடிந்தது. பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாகத் தேர்தல் இல்லாமல் ஆணையரே நிர்வாகியாக இருந்தார். ஓட்டு வாங்கி வந்த ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் 2025–26-க்கு 74,427 கோடி ரூபாய் பட்ஜெட் வந்தது. அரகோர்ன் ராஜாவாகி நல்லாட்சி செய்தான் என்று டோல்கியன் தன் கதையில் எழுதிவிட்டார், அவனுடைய வரிக் கொள்கை என்ன என்று தங்கள் கதாசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் 2014-ல் ஒரு பேட்டியில் கேட்டாரே, அவரை ஒருநாள் இங்கே அனுப்பிவையுங்கள். வரிக் கொள்கை எங்களிடம் இருக்கிறது. யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்பதுதான் இருந்ததில்லை.

ஆகவே சமுகத்துக்குப் பணிவான விண்ணப்பம்: பாட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். குழியில் உச்சிவெயில், பேசியவருக்குத் தாகம் எடுக்கும். கோப்பையை அழித்த அதே கருவியால் அந்தச் சிரிப்பை மட்டும் அழித்துத் தர வேண்டும். அது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை என்றால், சாம்வெல் டார்லிக்காக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். பூர்த்தி செய்து, வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் வைத்து, மறு தபாலில் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சயான் ரசிகன்